டகோட்டாவில் எஞ்சின் போனால் முதல் கவலை ப்ரொப்பெல்லர்

இரட்டை எஞ்சின் பிஸ்டன் விமானத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்புக் கணக்கோடு வருகிறார்கள். எஞ்சின் நின்றால் அந்தப் பக்கத்து ஆர்பிஎம் முள் பொத்தென்று விழும், மேனிஃபோல்ட் பிரஷரும் (எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம்) விழும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். டகோட்டாவில், அதாவது டிசி-3, சி-47 விமானத்தில், அப்படி நடக்காது. க்ரூஸில் ஓர் எஞ்சினின் இக்னிஷன் முழுசாகச் செத்துப்போனாலும் ஆர்பிஎம் முள் இருந்த இடத்திலேயே இருக்கும். எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். சுழற்சி குறையப் பார்த்தால், ஆர்பிஎம்மை ஒரே அளவில் வைக்கும் கருவியான கவர்னர் பிளேடின் கோணத்தைக் குறைத்து, கேட்ட ஆர்பிஎம்மைக் காட்டிவிடும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் சூப்பர்சார்ஜர் கிராங்க் ஷாஃப்டோடு கியரில் பூட்டப்பட்டது. ஷாஃப்ட் சுற்றும்வரை அதுவும் சுற்றும். அதனால் மேனிஃபோல்ட் பிரஷரும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டால்கூட அந்த முள் பூஜ்யத்துக்கு வராது. வெளிக்காற்றின் அழுத்தத்தை, கடல் மட்டத்தில் சுமார் 30 அங்குலப் பாதரசத்தைக் காட்டும்.

டேக்-ஆஃபில் கதை கொஞ்சம் மாறும். வேகம் குறைவு என்பதால் கவர்னர் பிளேடை ஃபைன் பிட்ச் ஸ்டாப்வரை, அதாவது மிகக் குறைந்த கோணம்வரை, இறக்கிவிடும். அதற்குமேல் இறக்க இடமில்லாதபோது ஆர்பிஎம் சரியத் தொடங்கும். சரிந்தாலும் அது ஓடுகிற எஞ்சின் போலவேதான் தெரியும். ஆகவே முதல் சாட்சி விமானத்தின் மூக்கு. மூக்கு இடப்பக்கம் இழுத்தால் வலது பெடலை மிதிக்கிறோம். இடது கால் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற காலின் பக்கத்து எஞ்சின்தான் போனது. அந்த எஞ்சினின் த்ராட்டிலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். மூக்கு இன்னும் திரும்பவில்லை, பெடலில் பாரம் கூடவில்லை என்றால் சரியான எஞ்சினைத்தான் பிடித்திருக்கிறீர்கள். சிலிண்டர் ஹெட் வெப்பம், ஃப்யூயல் பிரஷர் எல்லாம் இதற்கு அப்புறம்தான். வெப்ப முள் இறங்க நேரமெடுக்கும், அதுவரை காத்திருக்க முடியாது.

இங்கே சொல்கிற எண்கள் டிசி-3, சி-47 வகைக்கு உரியவை: 14 சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830-92 எஞ்சின், மூன்று பிளேடு ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் ஹைட்ரோமேட்டிக் ப்ரொப்பெல்லர். டேக்-ஆஃபில் 2700 ஆர்பிஎம், மேனிஃபோல்ட் பிரஷர் 48 அங்குலம், 1200 குதிரைத்திறன். இந்த ப்ரொப்பெல்லரின் உறவுக்காரர்கள் பி-17 முதல் ஸ்ட்ராட்டோக்ரூஸர் வரை பல விமானங்களில் இருப்பதால் வேலை செய்யும் விதம் அங்கேயும் பொருந்தும். எண்களுக்கு மட்டும் அந்தந்த விமானத்தின் கையேடுதான்.

ஒரு எஞ்சின் போனால் டகோட்டா விழுந்துவிடாது. அதை வீழ்த்துவது சும்மா சுழலும் ப்ரொப்பெல்லர். ஃபைன் பிட்சில் காற்றால் சுழலும் 11 அடிக்கு மேற்பட்ட அந்த வட்டம், விமானத்தின் வேகத்தைத் தின்று 14 பிஸ்டன்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும். பிளேடின் ஓரம் காற்றைப் பார்த்து நிற்கும்படி, சுமார் 88 டிகிரிக்குத் திருப்பிச் சுழற்சியை நிறுத்துவதைத்தான் ஃபெதர் செய்வது என்கிறோம். அது நடந்தால் மிஞ்சிய எஞ்சினில் மெதுவாக ஏறலாம், குறைந்தது உயரத்தைக் காக்கலாம். நடக்காவிட்டால், முழு எடையில், அனேகமாக இரண்டுமே முடியாது.

பட்டனை அமுக்கினால் உள்ளே நடப்பது

ப்ரொப்பெல்லரின் முன்னால் துருத்தும் கூடுதான் டோம். அதற்குள் ஒரு பிஸ்டன். அது முன்னும் பின்னும் நகரும்போது கேம் வழியாகப் பல்சக்கரங்கள் திரும்பி பிளேடுகளைத் திருப்பும். சுழற்சியின் மையவிலக்கு விசை பிளேடை எப்போதும் ஃபைன் பக்கம் தள்ளப் பார்க்கும். பிஸ்டனின் முன்பக்கம் வரும் எஞ்சின் ஆயிலும் அதற்குத் துணைபோகும். கவர்னர் அழுத்தம் ஏற்றிய ஆயிலைப் பிஸ்டனின் பின்பக்கம் அனுப்பினால் பிட்ச் கூடும். ஆயில் இல்லையென்றால் பிளேடு தானாக ஃபைனுக்குத்தான் போகும், ஃபெதருக்குப் போகாது. சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களில் பல ஆயில் அழுத்தம் போனால் தானாக ஃபெதர் பக்கம் போகும்படி அமைந்தவை. அவற்றில் பழகிவந்தவர்கள் டகோட்டாவில் ஏமாறும் முதல் இடம் இது.

ஃபெதர் செய்ய ஒரு தனி மின் பம்ப் உண்டு. தலைக்கு மேலுள்ள பட்டனை அமுக்கினால் ஒரு மின்சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். பம்ப் ஆயில் டாங்கின் அடியிலிருந்து ஆயிலை எடுத்து, கவர்னரைத் தாண்டி நேரே டோமுக்கு அனுப்பும். பிளேடு முழு ஃபெதருக்கு வந்து முட்டியதும் அழுத்தம் எகிறும். சுமார் 400 பிஎஸ்ஐ வந்ததும் கட்-அவுட் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்தும், பட்டன் தானாக வெளியே துள்ளும். எஞ்சினுக்குப் போகும் ஆயில் குழாய், டாங்கில் ஒரு நிற்குழாயின் உச்சியிலிருந்து புறப்படுகிறது. எஞ்சின் தன் ஆயிலையெல்லாம் வெளியே கக்கிவிட்டாலும் அந்த உச்சிக்குக் கீழே சில லிட்டர் மிஞ்சும். அது ஃபெதருக்கென்றே விட்டுவைத்த சேமிப்பு.

இனி இதில் உள்ள பொறி. திரும்ப அன்ஃபெதர் செய்வதற்கும் அதே பட்டன்தான். அமுக்கியே பிடித்தால் அழுத்தம் 400-ஐத் தாண்டி 600 பக்கம் போகும். அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு இடம் மாறும், ஆயில் பிஸ்டனின் மறுபக்கம் போகும், பிளேடு ஃபைனுக்குத் திரும்பும். ஆகவே கட்-அவுட் சுவிட்ச் பழுதாகி பட்டன் துள்ளாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால், ப்ரொப்பெல்லர் அழகாக ஃபெதராகி ஒரு கணம் நிற்கும், பிறகு தானாக மறுபடி சுழலத் தொடங்கும். அந்த நேரம் பைலட் மற்ற வேலைகளைப் பார்க்கப் போயிருப்பார். பட்டனை அமுக்கியவர் ப்ரொப்பெல்லர் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை கையை அந்தப் பக்கமே வைத்திருக்க வேண்டும். நின்றும் பட்டன் துள்ளவில்லையா, விரலால் வெளியே இழுங்கள். நேர் எதிரான பழுதும் உண்டு: மின்சுருள் பிடிக்காமல், கையை எடுத்ததும் பட்டன் வெளியே வந்துவிடும். அப்படியானால் பிளேடு நிற்கும்வரை விரலால் அமுக்கிப் பிடித்து, நின்ற நொடியில் விடுங்கள். இரண்டு வழக்கிலும் தீர்ப்பு கண் பார்ப்பதுதான். பட்டன் சொல்வதை நம்ப வேண்டாம்.

பம்ப் ஏராளமான கரன்ட் இழுக்கும். நின்ற எஞ்சினோடு ஒரு ஜெனரேட்டர் போயிருக்கும், பாட்டரி கிழடாக இருந்தால் பம்ப் முனகிவிட்டு நிற்கும். பாட்டரி விஷயத்தில் சிக்கனம் பிடிப்பவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள்.

2013 ஆகஸ்ட் 19 அன்று கனடாவின் யெல்லோநைஃபில் நடந்தது இதற்கெல்லாம் பாடம். 24 பேரோடு புறப்பட்ட ஒரு டிசி-3-ன் வலது எஞ்சினில் தரையை விட்ட சற்று நேரத்தில் தீ. முதலாம் எண் சிலிண்டரில் ஏற்கெனவே இருந்த களைப்பு விரிசல் அன்றைக்குப் பிளந்தது. ஃபெதர் பட்டனை அமுக்கினார்கள், ஆனால் ப்ரொப்பெல்லர் முழு ஃபெதருக்கு வரவே இல்லை. ஃபெதர் பம்பின் பேரிங் இறுகிப்போயிருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்றது கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை. அதோடு, புறப்படும் முன் எடைக் கணக்கு ஒழுங்காகப் போடப்படவில்லை. விமானம் அனுமதித்த எடையைவிடக் கூடுதலாக இருந்தது. சுழலும் ப்ரொப்பெல்லரின் இழுவையும் கூடுதல் எடையும் சேர்ந்து உயரத்தைக் காக்க விடவில்லை. மரங்களில் உரசி ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் விழுந்தது. யாருக்கும் பெரிய காயமில்லை.

விரிசல், பம்ப், எடை. மூன்றுமே சக்கரம் உருளும் முன் தரையில் இருந்த விஷயங்கள். முதலாம் எண் சிலிண்டர் பின் வரிசையின் உச்சியில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். முன் வரிசையும் காற்றுத் தடுப்புத் தகடுகளும் மறைக்கும் இடம் அது. முன்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ‘பார்த்தாச்சு’ என்று கையெழுத்துப் போடுவதில் பயனில்லை. ஏணி போட்டு, எஞ்சினை மூடும் கௌலிங்கைத் திறந்து, டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்து, ஹெட்டும் பேரலும் சேரும் இடத்தில் ஃபின்களுக்கு நடுவே கரியோ ஈர ஆயில் கோடோ இருக்கிறதா என்று தேட வேண்டும். பழைய எஞ்சினில் ஆயில் எங்கும் இருக்கும், உண்மைதான். புதிதாகத் துடைத்த இடத்தில் ஒரே ஓட்டத்தில் மறுபடி கரி படிந்தால் அது ஆயில் கசிவு அல்ல, வாயு கசிவு.

புறப்படும் முன்

ஃபெதர் சோதனையை நாளின் முதல் ஓட்டத்தில் தவறவிடக் கூடாது. எஞ்சின் சுமார் 1500 முதல் 1700 ஆர்பிஎம்மில் ஓடும்போது பட்டனை அமுக்குங்கள். ஆம்மீட்டர் முள் துள்ளுகிறதா பாருங்கள். ஆர்பிஎம் 200, 300 இறங்கியதும் பட்டனை வெளியே இழுங்கள். ஆர்பிஎம் பழையபடி ஏற வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. இரண்டையும் சேர்த்து அமுக்கி பாட்டரியை வதைக்க வேண்டாம். இந்தச் சோதனை பம்ப் ஓடுகிறது, குழாய் அடைபடவில்லை என்று மட்டுமே சொல்லும். முழு ஃபெதர்வரை போகுமா, கட்-அவுட் சரியான இடத்தில் வெட்டுமா என்று சொல்லாது. அதற்கு எஞ்சின் நின்ற நிலையில், வெளி மின்சாரம் கொடுத்து, முழு ஃபெதருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் சோதனை வேண்டும். அதில் எத்தனை விநாடி ஆனது என்று ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். போன தடவையைவிட நேரம் கூடியிருந்தால் பம்ப் களைக்கிறது, அல்லது டோம் சீல் கசிகிறது. யெல்லோநைஃப் மாதிரியான பேரிங் ஒரே நாளில் இறுகுவதில்லை. சோதனை முடிந்ததும் ஒரு விஷயம்: பம்ப் தள்ளிய ஆயில் எஞ்சினுக்குள்தான் வடிகிறது. இரண்டு மூன்று முறை ஃபெதர், அன்ஃபெதர் என்று விளையாடிவிட்டு நேரே ஸ்டார்ட்டரை அமுக்கினால் அடி சிலிண்டர்கள் ஆயிலால் நிரம்பியிருக்கும்.

அது ஹைட்ராலிக் லாக். ரேடியல் எஞ்சினில் 8-ஆம் சிலிண்டர் நேர் அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. 7, 9 அதன் இரு பக்கமும், 6, 10 அடுத்து. ராத்திரி முழுக்க ஆயில் இவற்றுக்குள் வடியும். ஆயில் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்தால் இணைப்புத் தண்டுதான் வளையும். அதனால்தான் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுகிறோம். குறைப்பு கியர் 16-க்கு 9 என்பதால், எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்கின் இரண்டு சுற்றுக்கு, ப்ரொப்பெல்லர் ஒன்றேகால் சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். மூன்று பிளேடில் நாலாவது பிளேடுக்குள் எல்லா சிலிண்டரும் ஒருமுறை அமுங்கிவிடும். ஆனால் நாலோடு நிறுத்தக் கூடாது. இன்டேக் குழாயில் தேங்கிய ஆயில் பிறகுதான் உள்ளே இழுபடும். 9 முதல் 12 பிளேடு சுற்றுவது நல்ல வழக்கம். சுவிட்ச் ஆஃப், மிக்ஸ்சர் கட்-ஆஃப் (எரிபொருளை அடைக்கும் நிலை), சக்கரத்துக்குக் கட்டை போட்டது எல்லாம் உறுதியான பிறகு.

சுற்றும்போது பிளேடு சுவரில் முட்டியதுபோல நின்றால் இருவர் சேர்ந்து தள்ளாதீர்கள். பின்பக்கமாகவும் சுற்றாதீர்கள். பின்னால் சுற்றினால் ஆயில் திறந்த இன்டேக் வால்வு வழியாகக் குழாய்க்குப் போய் ஒளிந்துகொள்ளும், தடை நீங்கியதுபோலத் தெரியும், ஸ்டார்ட் ஆனதும் மொத்தமாக உள்ளே வந்து தண்டை வளைக்கும். அடி சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், ஆயிலை வடிய விடுங்கள், மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். இதில் கொடுமை என்னவென்றால், வளைந்த தண்டு அன்றைக்கே உடையாது. பல மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, வேறொரு நாள், வேறொரு பைலட்டிடம், முழு பவரில் உடையும். எஞ்சின் காரணமே இல்லாமல் வெடித்தது என்று எழுதப்பட்ட பல குறிப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு காலை நேர அவசரம் இருந்திருக்கும் என்பது எங்கள் சந்தேகம்.

ஆயில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் வரும்வரை ரன்-அப்புக்கு, அதாவது தரையில் பவர் ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கு, போகாதீர்கள். ப்ரொப்பெல்லர் லிவரை இரண்டு மூன்று முறை முழுக்க இழுத்து விடுவது சடங்கு இல்லை. டோமுக்குள் நிற்கும் குளிர்ந்த, தடித்த ஆயில் வெளியேறி வெந்த ஆயில் உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் டேக்-ஆஃபில் த்ராட்டிலைத் தள்ளும்போது கவர்னர் பின்தங்கும், ஆர்பிஎம் 2700-ஐத் தாண்டும். டோம் ஒரு மையவிலக்கு வடிகட்டி மாதிரியும் வேலை செய்கிறது. ஈயமும் கரியும் கலந்த சகதி அதன் சுவரில் படியும். லிவருக்கு ப்ரொப்பெல்லர் மந்தமாகப் பதில் சொல்லத் தொடங்கினால் கவர்னரை மாற்றும் முன் டோமைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ எஞ்சினுக்கு இரண்டு. மேக்னெட்டோ சோதனையில் மேனிஃபோல்ட் பிரஷரை அந்த இடத்தின் வெளி அழுத்தத்துக்கு வைத்துப் பாருங்கள். எஞ்சின் போடும் முன் அந்தக் கருவி காட்டிய எண்தான் அது. அந்த அழுத்தத்தில் இந்த எஞ்சின் வழக்கமாக எத்தனை ஆர்பிஎம் தரும் என்பதை எழுதிவைத்திருந்தால், ஒரு சிலிண்டர் சோம்பினாலும் காட்டிக்கொடுக்கும். ஒரு மேக்னெட்டோவில் 100 ஆர்பிஎம்முக்கு மேல் விழுந்தால் புறப்படக் கூடாது. ஆர்பிஎம் விழவே இல்லை என்றாலும் சந்தோஷப்படாதீர்கள். சுவிட்சில் எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம், அந்த எஞ்சினின் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றப்போகிறவருக்கு அது ஆபத்து.

எந்த வரிசையில்

எஞ்சின் போனது ஓடுபாதையிலேயே தெரிந்தால் இரண்டு த்ராட்டிலையும் மூடி நில்லுங்கள், பேச்சே இல்லை. காற்றில் ஏறிய பிறகு என்றால் முதலில் வேகம். சுக்கானால் மூக்கை நேராகப் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் டகோட்டாவில் சுமார் 77 நாட். ஒரே எஞ்சினில் நன்றாக ஏறும் வேகம் சுமார் 91 நாட். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர் மூக்கைத் தாழ்த்தி வேகம் வாங்க வேண்டும், உயரம் கையில் இருந்தால். 77-க்குக் கீழே போய்விட்டால் நல்ல எஞ்சினின் பவர்தான் விமானத்தைக் கவிழ்க்கும்; அப்போது அந்த எஞ்சினையும் குறைத்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, நேரே முன்னால் இறங்குவது மேல். ப்ரொப்பெல்லர்கள் வலமாகச் சுற்றுவதால் இடது எஞ்சின் போவது மோசமான பக்கம்.

நல்ல எஞ்சினுக்கு மிக்ஸ்சர் ரிச், 2700 ஆர்பிஎம், வரம்புவரை த்ராட்டில். கியர் மேலே. பிறகு செத்த எஞ்சின்: த்ராட்டில் மூடு, ப்ரொப்பெல்லர் லிவர் பின்னால், மிக்ஸ்சர் கட்-ஆஃப், ஃபெதர் பட்டன். ஒவ்வொரு லிவரையும் ஒருவர் தொட்டுச் சொல்ல, மற்றவர் பார்த்து ‘ஆமாம்’ என்ற பிறகே நகர்த்த வேண்டும். நல்ல எஞ்சினின் மிக்ஸ்சரை இழுத்துவிட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. ப்ரொப்பெல்லர் நின்றது தெரிந்த பின் அந்த எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று வெளியேறும் கதவான கௌல் ஃப்ளாப்பை மூடுங்கள்; நல்ல எஞ்சினுடையதை வெப்பம் பொறுக்கும் அளவுக்கு மட்டுமே திறங்கள், அகலத் திறந்த கௌல் ஃப்ளாப் பெரிய இழுவை. எரிபொருள் செலக்டர், மேக்னெட்டோ சுவிட்ச் கடைசியில்.

தீ என்றாலும் இதே வரிசைதான், கூடுதலாக ஃபயர்வால் வால்வும் கார்பன் டையாக்சைடும். அணைப்பான் கைப்பிடி காக்பிட் தரையில், இரு இருக்கைகளுக்கும் நடுவே. ப்ரொப்பெல்லர் நின்ற பிறகே அதை இழுங்கள். சுழலும் எஞ்சின் தீக்கு ஆயிலை ஊட்டிக்கொண்டே இருக்கும், வாயுவும் காற்றில் அடித்துப்போகும். அது ஒரே ஒரு வாய்ப்பு, வீணாக்கக் கூடாது. எந்தப் பக்கம் எரிகிறது என்று ஜன்னல் வழியாக ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். 2018 ஜூலை 10 அன்று தென்னாப்பிரிக்காவின் வொண்டர்பூமில் புறப்பட்ட ஒரு கன்வேர் 340-ன் இடது எஞ்சின் எரிவது பயணி எடுத்த வீடியோவில் பளிச்சென்று தெரிகிறது. காக்பிட்டில் தீ நடைமுறை முடிக்கப்படவே இல்லை.

வெயில் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்தில் 40 டிகிரி என்றால் விமானத்துக்கு அது சுமார் 3000 அடி உயரம் மாதிரி. 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்த ஏர் சிலோனின் முதல் டகோட்டாவுக்குக் குளிர்காலம் வாய்த்தது. மீட்டெடுக்கப்பட்டு இந்திய விமானப்படையிடம் வந்த டகோட்டாவான பரசுராமா, வி.பி. 905, 2018 மே மாதம் ஹிண்டனில் சேர்க்கப்பட்டது. மே மாத மத்தியானத்தில் கையேட்டின் முழு எடையைப் போட்டுக்கொண்டு ஒரே எஞ்சினில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுவது காகிதத்தில்கூட நிற்காது. எடையைக் குறையுங்கள், அல்லது விடியற்காலையில் புறப்படுங்கள்.

கட்டுக்கடங்காத ப்ரொப்பெல்லர்

கவர்னர் பழுதானால் ஆர்பிஎம் எகிறும். சத்தமே காட்டிக்கொடுக்கும். த்ராட்டிலை இழுங்கள், லிவரைக் குறைந்த ஆர்பிஎம்முக்குக் கொண்டுவாருங்கள், மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறையுங்கள். காற்றால் சுழலும் ப்ரொப்பெல்லரின் ஆர்பிஎம் விமானத்தின் வேகத்தோடு ஏறும் இறங்கும் என்பதால், வேகத்தைக் குறைப்பதுதான் உண்மையான பிரேக். பதறிப்போய் மூக்கைத் தாழ்த்துவது நிலைமையை மோசமாக்கும். அடங்கவில்லை என்றால் ஃபெதர். பயணிகளை ப்ரொப்பெல்லர் சுழலும் கோட்டுக்கு நேரான இடத்திலிருந்து நகர்த்துங்கள்.

ஃபெதரும் ஆகாவிட்டால்? ஆயிலை வெட்டி எஞ்சினை இறுகவைத்து நிறுத்தலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு யோசனை. 1956 அக்டோபர் 16 அன்று ஹொனலூலுவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன பான் அமெரிக்கன் ஸ்ட்ராட்டோக்ரூஸரில் இதைச் செய்தார்கள். எஞ்சின் இறுகியது, ஆனால் ப்ரொப்பெல்லர் கியரிலிருந்து பிரிந்து தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு நாலாம் எஞ்சினும் பலவீனமானது. கரைக்குப் போய்ச்சேர எரிபொருள் போதாது. கடலோரக் காவல் கப்பல் பான்ட்சார்ட்ரெய்னைச் சுற்றி விடியும்வரை வட்டமிட்டுப் பகல் வெளிச்சத்தில் கடலில் இறங்கினார்கள். 31 பேரும் பிழைத்தார்கள். இருட்டில் அவசரப்படாமல் காத்திருந்ததுதான் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆயிலை வெட்டும் வித்தை அல்ல.

ஆயில் அழுத்தம் இறங்கத் தொடங்கினால் அந்த எஞ்சினோடு பேரம் பேசாதீர்கள். ஃபெதர் சேமிப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். கசிவு ஃபெதர் குழாயிலேயே இருந்தால் பம்ப் அந்தச் சேமிப்பை வெளியேதான் கொட்டும். பிளேடு நுனி உடைந்து விமானமே குலுங்குகிறது என்றாலும் உடனே ஃபெதர்தான். சில விநாடி தாமதித்தால் எஞ்சின் தாங்கிகளே பிய்ந்துவிடும்.

இதற்கு மாறானது அரைகுறையாக ஓடும் எஞ்சின். தீ இல்லை, ஆயில் அழுத்தம் இருக்கிறது, குலுக்கல் தாங்கக்கூடியது, ஆனால் படபடவென்று மிஸ் ஆகிறது. 300 அடியில் அதை நிறுத்த என்ன அவசரம்? கொடுக்கிற பவரை வாங்கிக்கொண்டு உயரம் ஏறுங்கள், மேலே போய் முடிவெடுங்கள். 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் நைன்-ஓ-நைன் என்ற பி-17 விழுந்து 7 பேர் இறந்தனர். வலது வெளி எஞ்சின் பவரில் ஒரு பகுதியை இழந்ததும் அது நிறுத்தப்பட்டது. அதே பக்கத்து உள் எஞ்சினும் பலவீனமாகத்தான் ஓடியது. ஓடுபாதை எட்டும் என்று உறுதியாகும் முன்பே கியர் இறங்கியது, வேகம் கரைந்தது, ஓடுபாதைக்குச் சுமார் 1000 அடி முன்னால் வழிகாட்டி விளக்குகளில் மோதியது. எஞ்சின்களைப் பிரித்தபோது, வலது வெளி எஞ்சினில் இடது மேக்னெட்டோ எர்த் ஆகிச் செத்துக்கிடந்தது, வலது மேக்னெட்டோவின் பாயின்ட் இடைவெளி பாதிக்கும் குறைவு. உள் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இடைவெளிகள் வரம்புக்கு வெளியே, எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் டெட்டனேஷனின் அடையாளங்களும் இருந்தன. விசாரணையும் வேகத்தையும் அமைப்பையும் கையாண்ட விதத்தை முதல் காரணமாகவும், பராமரிப்பைத் துணைக் காரணமாகவும் சொன்னது. ஆர்-1830-ல் ஓர் எஞ்சினுக்கு 28 பிளக், விமானத்துக்கு 56. எல்லாவற்றையும் கேஜ் வைத்துப் பார்க்க ஒரு மதியம் போகும். போகட்டும்.

ஒரே எஞ்சினில் இறங்கும்போது கியரைத் தாமதியுங்கள். கியரும் ஃப்ளாப்பும் இறங்கிய டகோட்டா ஒரே எஞ்சினில் மறுபடி ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ன உயரத்துக்குக் கீழே சுற்றிப்போவது கிடையாது என்பதைத் தரையிலேயே இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும். 91 நாட்டை விடாமல் வந்து, ஓடுபாதை கைக்குள் வந்ததும் கியர், இன்னும் நெருங்கியதும் ஃப்ளாப்.

இன்னொரு பழக்கமும் எஞ்சினைத் தின்கிறது. உயர் ஆர்பிஎம்மில் த்ராட்டிலை முழுக்க மூடுவது. அப்போது ப்ரொப்பெல்லர் எஞ்சினை ஓட்டுகிறது. மற்ற தண்டுகளையெல்லாம் தாங்கும் முதன்மைத் தண்டின் பேரிங்கான மாஸ்டர் ராட் பேரிங்கின் மீது பாரம் தலைகீழாகத் திரும்பி, ஆயில் படலம் அறுகிறது. 100 ஆர்பிஎம்முக்குக் குறைந்தது ஓர் அங்குலம் மேனிஃபோல்ட் பிரஷர் என்பது பழைய ரேடியல்காரர்களின் கணக்கு: 2050-ல் ஓடினால் 20.5 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். பயிற்சியில் ‘எஞ்சின் போச்சு’ என்று த்ராட்டிலைச் சடாரென மூடும் ஆசிரியர் உண்மையான எஞ்சின் கோளாறுக்கு விதை போடுகிறார்; கையேட்டில் உள்ள பூஜ்ய உந்து அமைப்புக்கு (ப்ரொப்பெல்லர் முன்னால் இழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்ற பவர்) மெதுவாகக் கொண்டுவந்தாலே பயிற்சி நடக்கும்.

தரையிறங்கிய பின், அந்த எஞ்சினை ‘ஒருதரம் போட்டுப் பார்க்கலாமே’ என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். முதலில் ஆயில் வடிகட்டியையும் காந்த பிளக்கையும் கழற்றி, வந்ததை வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். காந்தத்தில் ஒட்டுவது எஃகு, கியரோ ரிங்கோ. ஒட்டாமல் மென்மையாகப் பளபளப்பது அலுமினியம், பிஸ்டன். மெல்லிய வெள்ளிச் செதில் தெரிந்தால் மாஸ்டர் ராட் பேரிங்; அந்த எஞ்சின் இறக்கையிலிருந்து இறங்க வேண்டியதுதான். உலோகம் வந்த எஞ்சினை மாற்றும்போது ஆயில் கூலர், டாங்க், ஃபெதர் குழாய், கவர்னர், டோம் எல்லாவற்றையும் அலசுவதோ மாற்றுவதோ கட்டாயம். கூலரின் மடிப்புகளில் தங்கிய பொடி புது எஞ்சினின் பேரிங்கை முதல் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும்.